கார் கம்பெனிகளுக்கு ஜெபம் கேட்ட ஞானதாசன்

ஞானதாசன் தன் வாழ்நாளில் மூன்றே முறைதான் காரில் ஏறியிருக்கிறான். கல்யாணத்தன்று ஒரு தடவை, அப்பாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு தடவை, அவரைத் திரும்பக் கொண்டுவர ஒரு தடவை. அப்படிப்பட்டவன் 2008 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் எழுந்து நின்று, கஷ்டத்தில் இருக்கிற கார் கம்பெனிகளுக்காக ஜெபிக்கவேண்டும் என்று கேட்டான். சிரிக்காத ஆளில்லை. நானும் சிரித்தேன். அதை அவன் மண்டையில் ஏற்றியவன் நான்தான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

குலசேகரத்தில் எனக்கு, ரப்பர் பாலை உறையவைத்து உலர்த்திய ஷீட்டை வாங்கும் கடை. காலையில் பத்திரிகை படிப்பேன். படித்ததை, ஷீட் கொண்டுவருகிறவர்களிடம் பகல் முழுக்க அளப்பேன். காசு செலவில்லாத வேலை அல்லவா?

ஞானதாசன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். பதினெட்டு வயதில் கத்தி பிடித்து, இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் மரத்தையே வெட்டினான். பட்டையைச் சீவுவானே தவிர மரத்தைக் காயப்படுத்த மாட்டான். ரப்பருக்கு ஒருநாள் வெட்டினால் மறுநாள் ஓய்வு கொடுக்கவேண்டும். இலை உதிரும் மாசி மாதத்தில் கத்தியையே கீழே வைத்துவிடவேண்டும். ஆசைப்பட்டு தினமும் வெட்டச் சொல்லும் முதலாளிகளிடம் முகத்துக்கு நேராகச் சண்டை போடுவான். "மாட்டையும் மரத்தையும் ஒண்ணுபோலக் கறக்கப்படாது வேய். பட்டை மரத்துப்போவும்" என்பான்.

மனைவி தங்கபாய்க்கு அவள் அப்பா கொடுத்த அறுபது சென்ட் தோட்ட விளையில் 2001இல் நூற்றுப்பத்து ரப்பர் கன்று வைத்தான். கூலிக்கு வெட்டிவிட்டு வந்து, மத்தியான வெயிலில் அதற்குக் களை பிடுங்குவான். ஏழு வருஷம் அப்படி. 2008 செப்டம்பரில் மரங்கள் வெட்டுக்கு வந்தன. சபை உபதேசியார் ஜான்ரோசை அழைத்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் முதல் மரத்தில் கத்தி வைத்தான். மரத்தில் கட்டிய சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கியதும் தங்கபாய் அழுதாள். "ஏட்டி, பாலு வருதில்லா, எதுக்குக் கரையுத?" என்று அதட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனான்.

அந்தச் சந்தோஷம் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. அமெரிக்காவில் பாங்குகள் விழுந்தன, ஜனங்கள் கார் வாங்குவதை நிறுத்தினார்கள், கார் விற்காததால் டயர் ஓடவில்லை, டயர்க்காரன் ரப்பர் வாங்கவில்லை. ஆகஸ்டில் கிலோ நூற்று நாற்பது என்று என் கடைப் பலகையில் எழுதிய கை, நவம்பர் கடைசியில் அதில் பாதிகூட எழுதவில்லை. கூலி கொடுத்து வெட்டினால் கட்டுப்படி ஆகாது என்று தோட்டக்காரர்கள் வெட்டையே நிறுத்தினார்கள். ஞானதாசன் வேலை செய்த தோட்டமும் நின்றது. மலையடிவாரத்துப் பால்வெட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேறு கூலி தேடி அலைந்தார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவனுக்கு மிச்சம் இருந்தது அந்த நூற்றுப்பத்து மரம் மட்டும்.

ஜெபம் நடந்த அந்த வாரம் என் கடையில் ஒரு வாக்குவாதம். நஷ்டத்தில் விழுந்த கார் கம்பெனிகளை அரசாங்கம் காப்பாற்றலாமா என்று அமெரிக்காவில் அடித்துக்கொண்டிருந்த நேரம். இங்கேயும் கார்களுக்கு வரியைக் குறைத்திருந்தார்கள். பாங்கில் இருந்து ஓய்வுபெற்ற சுந்தர்சிங் கொதித்தார்.

"லாபம் வந்தப்ப நமக்குப் பங்கு தந்தானா? நஷ்டம் வந்தா மட்டும் ஊரு பணமா? மூடிட்டுப் போகட்டும் வேய்!"

மூலையில் ஷீட் அடுக்கிக்கொண்டிருந்த ஞானதாசன் திரும்பினான். "அவன் மூடினா டயர்க்காரன் மூடுவான். டயர்க்காரன் மூடினா எனக்க வீட்டு அடுப்பு மூடும். நீரு பென்சன் வாங்குதீரு, பேசுவீரு."

"அப்போ உன்னையும் காப்பாத்தச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதேன்."

"நான் மூடினா ஆருக்குத் தெரியும்?"

சுந்தர்சிங் எழுந்து செருப்பை மாட்டினார். நான் வாயை மூடவில்லை. "லேய் தாசா, பயப்படாத. அரசாங்கம் அவனுவள விடாது. ரெண்டே மாசம், பல்லக் கடிச்சிட்டு நில்லு. பொறவு பாரு வெலைய" என்று ஜோசியக்காரன்போலச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அவன் ஜெபம் கேட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். தங்கபாய் தலை நிமிரவே இல்லை. உபதேசியார் ஜான்ரோஸ் மட்டும் சிரிக்காமல், "ஆண்டவரே, கார் செய்கிற ஜனங்களையும், அவர்களை நம்பியிருக்கிற இந்தக் குடும்பத்தையும் நினைத்தருளும்" என்று ஜெபித்தார். ஞானதாசன் மிகச் சத்தமாக ஆமென் சொன்னான்.

கம்பெனிகளுக்குப் பணம் கிடைத்தது. பத்திரிகையில் பார்த்ததும் நானே அவன் வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். ஆனால் விலை அசையவில்லை.

ஜனவரியில் அவன் கொண்டுவந்த ஷீட்டைத் தராசில் வைத்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நூற்றுப்பத்து மரம் ஒருநாள் விட்டு ஒருநாள் எவ்வளவு தரும் என்று எனக்குத் தெரியாதா? ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. தினமும் வெட்டுகிறான். ஊருக்குத்தான் உபதேசம் என்று மனதுக்குள் நினைத்தேனே தவிர, வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடை போட்டு எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் தங்கபாய் கடைக்கு வந்தாள். "அண்ணே, எல்லா விளையிலயும் இலை கொட்டியாச்சு, கத்திய கீழ வச்சாச்சு. இவரு மட்டும் வெட்டுதாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

போனேன். மொட்டையாக நின்ற மரங்களுக்கு நடுவே வெட்டிக்கொண்டிருந்தான். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். அவன் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியாமலா வெட்டுதேன் அண்ணே? நான் பிறத்தியாருக்கு எத்தன தடவ சொன்னது! ஒவ்வொரு வெட்டும் எனக்க நெஞ்சிலதான் விழுவுது. ஆனா பிள்ளையளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாளா சோறு குடுக்க முடியும்? நீங்கதான ரெண்டு மாசம்னு சொன்னது?" பிறகு கெஞ்சுவதுபோலக் கேட்டான்: "இன்னும் எத்தன நாளு அண்ணே? சரியாட்டுச் சொல்லுங்க."

எனக்கு என்ன தெரியும்? "வந்துரும் மக்கா, பக்கத்துல வந்தாச்சு" என்றேன். என் நாக்கு அழுகவேண்டும்.

ஏப்ரலில் பால் நின்றது. முதலில் ஆறு மரம், பிறகு இருபது, மே முடிவதற்குள் தொண்ணூறு. பட்டையைச் சீவினால் உள்ளே பழுப்பாக, காய்ந்து கிடந்தது. பட்டைமரப்பு வந்த மரத்தில் பெரும்பாலும் பால் திரும்புவதில்லை. அதே ஏப்ரலில்தான் என் பலகையில் விலை மெல்ல ஏறத் தொடங்கியது.

கார் கம்பெனிகளைக் காப்பாற்றியது சரியா தப்பா என்று இன்றும் கேட்கிறார்கள். சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். லட்சம் பேர் பிழைத்தார்கள், நல்லது. அந்தக் காசு கார் வழியாக, டயர் வழியாக எங்கள் மலைக்கு நடந்து வந்து சேர நான்கைந்து மாதம் ஆயிற்று. அந்த நான்கைந்து மாதத்தைத் தாண்ட ஞானதாசனுக்கு யாராவது ஒரு மூட்டை அரிசி கொடுத்திருந்தால் போதும். அரசாங்கம் கிடக்கட்டும், நான் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. உலகப் பொருளாதாரம் பேசிக்கொண்டிருந்தேன்.

2011இல் விலை இருநூற்று நாற்பதைத் தொட்டது. பால்வெட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு கிராக்கி. ஞானதாசன் மறுபடியும் கூலிக்கு வெட்டினான், கடை போக எனக்கிருந்த ரப்பர் விளையில். அவனுடைய மரங்களை விறகு விலைக்குக்கூட அவன் கொடுக்கவில்லை. தினமும் போய் ஏதாவது ஒன்றைச் சீவிப் பார்க்கிறான் என்று தங்கபாய் சொன்னாள்.

ஒருநாள் வெட்டு முடித்துக் கிளம்பியவனிடம், "தாசா, நாளைக்கும் வெட்டுலே. வெலை நிக்கும்போதே எடுக்கணும்" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தான்.

"வேற ஆள பாத்துக்கிடுங்க அண்ணே."

"கூலி கூட்டித் தாறேன்லே."

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நடந்தான். அந்த வாரம் அவன் வீட்டுக்கு என் கூலியைத் தவிர வேறு வரவு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை வேறு ஆளை வைத்து வெட்டினேன்.