கையை விட்டுப் போன தடி

எழுபதுகளில், சரவணை ஊர்ப் பள்ளியில் படித்தபோது, தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே விளையாட்டைப் பழகினோம். "அடிச்சதும் தடியை எறியாதேங்கோ பிள்ளையள், கீழை வைச்சிட்டு ஓடுங்கோ" என்று ரீச்சர் பலமுறை எச்சரித்திருந்தார்.

அன்று என் முறை வந்தது. தோழி மலர் எனக்குப் பின்னால் மிகக் கிட்ட நின்றாள். தள்ளி நிற்கச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. பந்து உயரப் பறந்தது. எல்லோரும் அதையே பார்க்க, நான் தடியைப் பின்னால் வீசிவிட்டு ஓடினேன். அலறல் கேட்டுத் திரும்பினேன். ஒரு கண்ணைப் பொத்தியிருந்த மலரின் விரல்களுக்கிடையே இரத்தம் வழிந்தது.

"என்னடி நடந்தது?" என்று ரீச்சர் பதறினார்.

"தடக்கி விழுந்திட்டன் ரீச்சர்" என்றாள் மலர்.

அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவேயில்லை. மன்னிப்புக் கேட்கப் பலமுறை அவள் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் சிரிப்பாள். நான் கேளாமலே திரும்பிவிடுவேன்.