எலி வந்த வழியை அடைத்த பிறகு

எலி குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் வரும் என்பதை இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். எங்கள் ஊரில் எலி மழைக்கும் வரும், வெயிலுக்கும் வரும். அதற்கென்று ஒரு காலம் கிடையாது. லாங்கன்தாலில் நாங்கள் இருப்பது பழைய கட்டடம், பின்பக்கம் சோள வயல். சோளத்தை வெட்டி முதல் உறைபனி விழுந்ததும் வயலில் கிடந்ததெல்லாம் சுவரைத் தேடி வரும். நாங்கள் முதலாம் மாடியில் இருந்தும் போன குளிர்காலம் எலி எங்களிடம் ஏறி வந்தது.

முதலில் கண்டது புழுக்கையைத்தான். குசினி அலுமாரிக்குள், மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில், கருஞ்சீரகம் கொட்டுப்பட்டதுபோல் கிடந்தது. கருஞ்சீரகம்தான் என்று நினைத்து விரலால் தொட்டும் பார்த்துவிட்டேன். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவியது கழுவியதுதான், அன்று முழுக்க மனம் அருவருத்தது.

ஆனால் அந்த நேரம் எனக்கு எலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. என் கணவருக்கு மறதி வருத்தம். கோடை முழுக்க அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடவேண்டி இருந்தது. இனியும் நிறை குறைந்தால் வீட்டில் வைத்திருக்க முடியாது, முதியோர் இல்லத்தில்தான் விடவேண்டும் என்று வைத்தியர் எங்கள் மகளிடம் சொல்லிவிட்டார். மகள் பேர்ணில், பூம்ப்ளிசில் இருக்கிறாள். அவள் போனில் இதைச் சொன்னபோது நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். எனக்கு எப்போதும் அப்படித்தான், வாய் வராது. அங்கே அவரோடு யார் தமிழில் கதைப்பார்கள்? தொழிற்சாலையில் அவர் படித்த டொச் மொழி எப்போதோ அவரை விட்டுப் போய்விட்டது.

குளிர் தொடங்கியபோது, ஏன் என்று தெரியாமல், அவர் சாப்பிடத் தொடங்கினார். சூட்டோடு சாப்பிடமாட்டார். யன்னலோரக் கதிரையில் இருத்தி மடியில் பீங்கானை வைத்தால், "பொறும், பொறும்" என்பார். நான் குசினிக்குப் போய் வேலையைப் பார்ப்பேன். அவர் கண்ணயர்ந்து, பிறகு எழும்பி, ஆறிப்போன சோற்றை வழித்துச் சாப்பிட்டிருப்பார். மீன் வைத்தால் மட்டும், "இண்டைக்கு மச்சமோ?" என்று முகத்தைச் சுளிப்பார். சரி, மரக்கறி போதும் என்று மீன் வாங்குவதை விட்டுவிட்டேன். வெறும் பீங்கானைக் கையில் வாங்கும்போது எனக்குக் கோயிலுக்குப் போய்வந்ததுபோல் இருக்கும்.

ஆகவே எலியை ஒருவருக்கும் தெரியாமல் நானே துரத்தப் பார்த்தேன். மகள் அறிந்தால், வீட்டைக்கூடத் துப்புரவாக வைத்திருக்க அம்மாவால் முடியவில்லை என்று நினைப்பாள். அரிசி மூட்டையை மூடியுள்ள பெரிய வாளிக்குள் கொட்டினேன். பருப்பு, பயறு எல்லாம் போத்தலுக்குள் போயின. சட்டி தேய்க்கும் கம்பிப் பஞ்சைக் குசினியில் கண்ட இடைவெளியெல்லாம் திணித்தேன். கதவுக்கடியில் பழைய சீலையைச் சுருட்டி வைத்தேன். எலிக்கு என்ன, அது வேறு எங்கேயோ தன் சாப்பாட்டைக் கண்டுவிட்டது. கொறிக்கிற சத்தம் நிற்கவில்லை. கடைசியில் கீழ்வீட்டு மனுசி படியில் எலியைக் கண்டு கத்தினாள். கட்டடத்தைப் பார்க்கிறவர், இங்கே அப்வார்ட் என்பார்கள், எங்கள் கதவைத் தட்டினார்.

அவருக்கு எங்களை ஏற்கெனவே தெரியும். அந்த வருடம் வசந்தகாலத்தில் என் கணவர் யன்னல் விளிம்பில் காகத்துக்குச் சோறு வைக்க, அது கீழ்வீட்டு மனுசியின் பல்கனியில் விழுந்து பெரிய வில்லங்கம் ஆகிவிட்டது. இனி யன்னலில் பறவைக்கு ஒன்றும் வைக்கக்கூடாது என்று அவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சொன்னதை என் கணவர் மறந்து மறந்து வைக்க, மகள் அந்த யன்னலுக்குப் பூட்டுப் போட்டாள்.

இந்த முறை அப்வார்ட் ஒவ்வொரு சாமானாக நகர்த்திப் பார்த்தார். எனக்கு அவரோடு கதைக்கப் பயம். மகளைப் போனில் எடுத்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். கணவரைக் கையில் பிடித்து எழுப்பி நிறுத்தினேன். அப்வார்ட் கதிரையை இழுத்தார். பின்னால், வீட்டைச் சூடாக்கும் இரும்புக்குக் கீழே, எங்கள் சின்னப் பீங்கான் ஒன்று இருந்தது. அதில் காய்ந்த சோற்றுப் பருக்கை நாலைந்து, சுற்றிவர எலிப் புழுக்கை. சுடுதண்ணிக் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் ஒரு ஓட்டை.

அவர் போனைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

"அம்மா," என்றாள் மகள், "நீங்கள் எலி வளக்கிறீங்களோ எண்டு கேக்கிறார்."

"எனக்கென்ன விசரோ?"

"கதிரைக்குப் பின்னால சோறு வைச்சிருக்காம்."

"எனக்குத் தெரியாது பிள்ளை. சத்தியமாய்த் தெரியாது."

என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அமைதியாகச் சொன்னார். "அது காகத்துக்கு. இண்டைக்கு அம்மான்ர திவசமெல்லே."

"அப்பா, அப்பம்மான்ர திவசம் வைகாசியில எல்லோ வாறது?"

"நீ சின்னப்பிள்ளை. உனக்கென்ன தெரியும்?"

அப்வார்ட் எங்கள் இரண்டு பேரையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் அவருக்கு ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் பெட்டியைத் திறந்தார்.

"என்ன பிள்ளை சொன்னனி?"

"அப்பாவுக்கு வருத்தம் எண்டு சொன்னன். காகத்தை விளங்கப்படுத்த எனக்கு டொச் காணாது அம்மா."

அப்வார்ட் ஓட்டைக்குள் கம்பிவலையைத் திணித்து மேலே சீமெந்து பூசினார். பொறியும் வைத்தார். இரண்டு எலி அகப்பட்டன. வாலில் பிடித்து அவர் தூக்கிக் காட்டியபோது பார்த்தேன், என் பெருவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எலி இல்லை.

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

முதல் நாள் வயிற்றுக் கோளாறு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஊட்டிப் பார்த்தேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கதிரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பீங்கானில் வைத்த சோறு வைத்தபடி கிடந்தது.

"காகம் வரேல்லை," என்றார். "அம்மா கோவமாய் இருக்கிறா."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவருக்கு ஒவ்வொரு நாளும் திவசம். யன்னல் பூட்டு என்றபடியால் யன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறார். அவர் கண்ணயர, எலி வந்து தின்றிருக்கிறது. எழும்பிப் பார்த்தால் பீங்கான் வெறுமை. காகம் எடுத்துவிட்டது, இனித் தானும் சாப்பிடலாம் என்று சாப்பிட்டிருக்கிறார். எலிதான் அவரை அவ்வளவு நாளும் உயிரோடு வைத்திருந்தது. அதன் வழியை நாங்கள் சீமெந்து பூசி அடைத்துவிட்டோம்.

மாமி, இவருடைய அம்மா, சண்டைக்குள் இடம்பெயர்ந்து போன இடத்தில் செத்தவ. இவர் ஒரே மகன். நாங்கள் அப்போது இங்கே வதிவிட அனுமதி இல்லாமல் இருந்தோம், போக முடியவில்லை. கொள்ளி வைத்தது யாரோ தூரத்துச் சொந்தம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் திவசத்துக்கு, காகம் சோற்றை எடுக்கும்வரை இவர் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்.

"காகம் வந்திட்டுது, நீங்கள் சாப்பிடுங்கோ," என்று சொல்லிப் பார்த்தேன்.

"பொய் சொல்லாதையும். சோறு கிடக்குது," என்று விரலை நீட்டினார். மறதி வருத்தம் என்கிறார்கள், இது மட்டும் மறக்கவில்லை.

யன்னலைத் திறந்து வெளியே வைக்கலாம் என்றால் கீழ்வீட்டு மனுசி எப்போது சோறு விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பூசிய சீமெந்தைக் கத்தியால் கிண்டிவிடுவோமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன். இரவில் அரைத் தூக்கத்தில் குடிக்கிற பால் மட்டும்தான் உள்ளே போனது. மார்கழி முடிவதற்குள் அவருடைய கன்னம் ஒட்டிவிட்டது. மகள் வந்து அவரைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் வந்தாள்.

"அம்மா, இனி உங்களால ஏலாது. நான் இல்லத்துக்கு எழுதிக் குடுக்கப்போறன்."

"பொங்கல் முடியட்டும் பிள்ளை."

"பொங்கலுக்கு மட்டும் சாப்பிடுவாரோ?"

அவள் அழுதாள். நான் அழவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம், அவர் கண்ணயர்ந்த நேரம், முழங்காலில் ஊர்ந்துபோய்க் கதிரைக்குப் பின்னால் கையை விட்டேன். மாமி உயிரோடு இருந்தபோது அவவின் சோற்றில் கை வைக்க எனக்குத் துணிவு வந்திருக்குமோ? செத்தவர்களுக்கு வைத்தது. எலி தின்றது வேறு, அதற்குப் பாவம் தெரியாது. வழித்து ஒரு பைக்குள் போட்டேன். அதைக் குப்பையில் போட மனம் வராமல் பிறகு வயல் ஓரம் கொண்டுபோய்ப் பனியில் கொட்டினேன்.

அவர் எழும்பினார். குனிந்து பார்த்தார். "வந்திட்டுது," என்றார். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன்.

பொங்கல்வரை இப்படிப் போனது. ஊர்ந்து ஊர்ந்து என் முழங்கால் வீங்கிவிட்டது. ஒருநாள் கையை விட்ட நேரம் மேலே பார்த்தேன். அவர் கண் திறந்திருந்தது.

களவு பிடிபட்ட பிள்ளைபோல் அப்படியே இருந்துவிட்டேன். கையில் சோறு. கத்தப்போகிறார், இனி ஒருநாளும் சாப்பிடமாட்டார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனையோ காலமாக நான் காணாத முகம்.

"வந்திட்டியேணை?" என்றார். "சாப்பிடணை அம்மா. ஏன் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?"

நான் அசையவில்லை. அவரும் சாப்பிடவில்லை. மடியில் சோறு ஆற, என் கையைப் பார்த்தபடி இருந்தார். நான் அந்தச் சோற்றை வாயில் வைத்தேன். விழுங்க நேரம் எடுத்தது. நான் விழுங்கிய பிறகுதான் அவர் பீங்கானில் கை வைத்தார்.

அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். மத்தியானம் நான் அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து, சின்னப் பீங்கானில் அவர் போடுகிற பிடியை முதலில் சாப்பிடவேண்டும். நிறை கூடியிருக்கிறது. வைத்தியர் இல்லத்துக் கதையை எடுப்பதில்லை. அம்மா என்னவோ மாயம் செய்கிறா என்று மகள் சிரிக்கிறாள். என்ன மாயம் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. செத்தவரின் சோற்றை உயிரோடு இருக்கிறவள் தின்னலாமோ என்று கோயில் ஐயரிடமும் கேட்கவில்லை.

சில நாள் அவர் மெதுவாகக் கதைப்பார். "உப்புக் குறைவுதான். இவள் அப்பிடித்தான் சமைக்கிறவள், நீ கோவிக்காதையணை. ஆரோடையும் கதைக்கமாட்டாள், பயந்த பிள்ளை. நீ அவளை ஏசாதையணை." மாமி இருந்த காலத்தில் எனக்காக இப்படி ஒரு வார்த்தை அவர் கதைத்ததில்லை. ஓம் மோனை என்று மறுமொழி சொல்லவேண்டும். கட்டின மனுசனைப் பார்த்து எப்படி அதைச் சொல்ல? தலையை ஆட்டுவேன்.

"அவள் எங்கை?" என்று கேட்பார்.

"குசினியில."

"கூப்பிடணை. அவளும் வந்து சாப்பிடட்டும்."

நான் எழும்பிக் குசினிக்குப் போவேன். அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்பேன். முந்தியென்றால், "இஞ்சேரும், தண்ணி கொண்டு வாரும்" என்று சத்தம் வரும். வராது என்று தெரியும். தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனால் அவர் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "அவள் வரேல்லையோ அம்மா?" என்பார்.

"பிறகு வருவாள்," என்பேன்.