பாலாம்பிகை அக்கா உடைத்த கதவு

புவாண்ட்-கிளேர் என்னும் குளிர்தேச ஊரில் நாங்கள் வேலை செய்யும் சரக்குக் கிடங்குக்குப் பாலாம்பிகை அக்காதான் மேற்பார்வையாளர். வயது ஐம்பத்திரண்டு. வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் பிரெஞ்சுப் புத்தகங்கள் எடுத்துவந்து சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பார். எல்லாம் கோட்டை முற்றுகை பற்றியவை.

"அக்கா, இண்டைக்கு எந்த ராசாவின்ர கதவை உடைக்கிறியள்?" என்று சீண்டுவேன்.

"உன்ர மண்டையை விடக் கதவு லேசடா" என்பார்.

போன மாசியில், உறைமழை கொட்டிய ஒரு காலை, எங்களோடு வேலை செய்யும் றோசா பெட்டியொன்று எடுக்க உறைகுளிர் அறைக்குள் போனாள். ஒரு நிமிட வேலைதானே என்று குளிர்ச்சட்டை போடவில்லை. உட்பக்கமாகத் திறக்கும் பழைய கதவு அது. அவள் பின்னால் சாத்திக்கொண்டதும் பூட்டு இறுகிவிட்டது. உள்ளே சைபருக்குக் கீழே இருபத்தைந்து பாகை. தீயணைப்பு வண்டியோ வீதியில் விழுந்த மரத்துக்கு அப்பால் நின்றது. ஒடுக்கமான நடைவழியில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி நுழையாது. நாங்கள் மாறி மாறித் தோளால் மோதினோம்.

"தோள்தான் உடையும். மூலையில கிடக்கிற அந்த இரும்பு உத்திரத்தைக் கொண்டுவாங்கோ" என்றார் அக்கா.

சரக்குக் கட்டும் பட்டிகளால் அதன் இரு முனைகளையும் கதவுக்கு நேராகக் கூரை விட்டத்தில் தொங்கவிட்டார்.

"தூக்கிக்கொண்டு ஓடினா, சுமக்கிறதிலயே எங்கட பலம் போயிடும். தொங்கினா, பின்னுக்கு இழுத்து விடுறது மட்டும்தான் எங்கட வேலை. மிச்சத்தை அதின்ர பாரம் பாத்துக்கொள்ளும்."

வால்முனையில் கயிறு கட்டி ஆறு பேர் இழுத்தோம். யாரோ ஒருவன் "அரோகரா!" என்றான். உத்திரம் போய்க் கதவை மெல்லத் தொட்டது. கயிற்றை ஒருவரும் விடவில்லை! வருடாவருடம் தேர் இழுக்கிற கைகள்; வடத்தைக் கைவிட்டுப் பழக்கமில்லை. என் கையும்தான்.

"இது தேரில்லை! 'விடு' எண்டா விடுங்கோ!" அக்காவுக்குக் கண் சிவந்துவிட்டது.

அடுத்த இடி கதவின் நடுவில் விழுந்தது. தொம் என்றதோடு சரி.

"கோட்டைக்காரர் பதர் மூட்டையைத் தொங்கவிட்டு இடியைத் தாங்குவினம். இந்தக் கதவுக்குள்ளயே குளிர் காக்கிற மெத்தை இருக்கு. நடுவில வேண்டாம். பூட்டடியில, ஒரே இடத்தில."

பட்டிகளை நகர்த்திக் கட்டினோம். "றோசா, கதவை விட்டுத் தள்ளி நில்!" என்று அக்கா கத்த, உள்ளிருந்து தட்டும் சத்தம் பதிலாக வந்தது.

இழு. விடு. இழு. விடு. ஏழாவது இடியில் பூட்டுத் தகடு வளைந்தது. பதினோராவதுக்குப் பிறகு உள்ளே தட்டும் சத்தம் நின்றுவிட்டது. அவள் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

"அக்கா, சத்தமில்லை..."

"சத்தமில்லாட்டி என்ன, கதவு இன்னும் நிக்குதல்லோ? இழு!"

பதினாலாவது இடியில் பூட்டுப் பிய்ந்து கதவு உள்ளே விரிந்தது.

றோசா எதிர்ச் சுவரோரம் நீலம் பாரித்த உதடுகளோடு நின்றாள். அக்கா தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவளைப் போர்த்தி இறுக்கிப் பிடித்தார். பிறகுதான் அழுதார், எங்கள் எல்லோருக்கும் முன்னால், வாய்விட்டு.

றோசாவுக்குப் பல் கிட்டியது. சொல் மெதுவாகத்தான் வந்தது.

"தட்டக் கை வரேல்லை அக்கா. ஒவ்வொரு இடிக்கும் ஒரு அடி நடந்தன். நீங்கள் நிப்பாட்டியிருந்தா நானும் விழுந்திருப்பன்."