புலி வாங்கிய தபால்தலைகள்

317. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கணக்கு பின்னால் வரும்.

சே காம் சுய், ஹாங்காங்கின் சுன் வான் பகுதிச் சாயப்பட்டறை ஒன்றில் மூன்றாம் தொட்டிக்காரன். பதினேழு வருஷம் அதே தொட்டி. நீலத் துணி ஓடிய வாரம் நீலக் கை, சிவப்பு ஓடினால் சிவப்புக் கை. அந்தக் கையாலேயே சோறு தின்பான். எங்கள் சங்கத்தில் ஒரு மாதம்கூடச் சந்தா தவறியவன் இல்லை. ஆனால் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் முதலில் சட்டைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுப்பான்.

எண்பத்து மூன்றில் கூலி உயர்வுக்கு வேலைநிறுத்தம் என்று முடிவானது. கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாக இழுத்தான்.

"தலைவரே, செவ்வாய்க்கெழமை வேண்டாம். பஞ்சாங்கத்துல ஒடயுற நாள்னு போட்டிருக்கு. வியாழக்கெழமை வெச்சுக்குங்க. கொலைகூடப் பண்ணலாம், அவ்வளவு நல்ல நாள்."

"வியாழக்கெழமை மொதலாளி தைவான் போறான்டா."

"அப்ப அவனும் பஞ்சாங்கம் பாத்திருக்கான்."

செவ்வாய்க்கிழமை வாசலில் நின்றோம். காம் சுய் வரவில்லை. வேலைக்கும் போகவில்லை, வீட்டில் படுத்திருந்தான். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரிய பானை நிறைய தாமரைக் கிழங்கும் பன்றி எலும்பும் போட்ட சூப்போடு வந்து நின்றான். திட்ட வாய் திறந்தவர்கள் கிண்ணத்தை நீட்டினார்கள்.

அவன் பிறந்த கதை இரண்டு வரிதான். பிரசவத்தில் தாய் போனாள். தகப்பன் யாங்ஸி படகு ஒன்றில் போனவன், திரும்பவில்லை. மூன்று வயதில் அத்தை அவனை முதுகில் கட்டிக்கொண்டு ஹாங்காங் வந்தாள். பதிவு எழுதியவர் பிறந்த நாள் கேட்டார், அவள் சொன்னாள், அவர் எழுதினார். அவனுக்கு ஐந்து வயதில் அவளும் காசநோயில் போனாள். பிறகு அநாதை விடுதி. சொந்தம் என்று அவனிடம் மிஞ்சியது அந்தப் பதிவுச் சீட்டு ஒன்றுதான். டிசம்பர் 10, 1950. எங்கள் கணக்கில் வருஷத்துக்கு ஒரு மிருகம், அந்த வருஷம் புலி. ஆகவே அவன் புலி.

கல்யாணமாகி, முதல் பையன் ஹோ மிங் பிறந்த பிறகு, கோயிலுக்குப் பின்னால் கடை போட்டிருந்த கோங் சோதிடரிடம் போனான். கூலி கையில் தங்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டான். சோதிடர் தெளிவாகவே சொன்னார்.

"புலி மரத்தோட ஆளு. காயிதம் மரத்துல இருந்து வருது. காயிதத்துல போடு, வளரும். பையன் ஆட்டு வருஷம், உனக்கு நல்ல கை. வாங்கப் போறப்ப அவனைத் தூக்கிட்டுப் போ."

காகிதம் என்றால் பணம் கட்டிப் பங்கு வாங்கும் வசதி சாயத்தொட்டிக்காரனுக்கு ஏது? தபால்தலை வாங்கினான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் வாங்கினார்கள். சீனத் தபால்துறை வருஷத்துக்கு ஒரு மிருகம் போட ஆரம்பித்திருந்தது. பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு மிருகம். ஒரு சுற்று முழுசாகச் சேர்த்தால் குடும்பத்துக்குக் காலத்துக்கும் கவலை இல்லை என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு.

முதலில் வந்தது எண்பதாம் ஆண்டின் குரங்கு. சிவப்புக் காகிதத்தில் கறுப்புக் குரங்கு. கடைக்காரர் இரண்டு முழுத் தாள்களை மேசைமேல் விரித்துவிட்டார். காம் சுய் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாங்கினான்.

"புலிக்கும் குரங்குக்கும் ஆகாது. மடிச்சு உள்ள வைங்க."

"ஏம்பா, இது வெறும் படம்பா. கடிக்காது."

"கடிச்சா நீங்க ஆஸ்பத்திரிச் செலவு குடுப்பீங்களா?"

வாங்கவில்லை. அடுத்த வருஷத்துச் சேவலை வாங்கினான், பிறகு நாய், பன்றி, எலி, மாடு, எல்லாம் தாள் தாளாக. அந்தக் குரங்குத் தாள் பின்னாளில் என்ன விலைக்குப் போனது என்று தெரியாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. மற்றவை என்ன விலைக்குப் போகின்றன என்று யாரும் கேட்பதே இல்லை.

இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு தொழிலாளி ஏமாந்த கதை, எனக்கு இது போல நாற்பது தெரியும். ஆனால் அதே எண்பதாம் ஆண்டு டிசம்பரில் அவனுக்கு ஒரு பெண் பிறந்தாள். யுன் சிங். குரங்கு வருஷத்துப் பெண்.

சோதிடர் நாள்முழுக்கக் கணக்குப் போட்டார். புலி வீட்டில் குரங்கு பிறந்தால் புலி சேர்த்ததைக் குரங்கு கலைக்கும் என்றார். பரிகாரமும் சொன்னார். குழந்தை அவனை அப்பா என்று கூப்பிடக் கூடாது. சித்தப்பா என்று கூப்பிட வேண்டும். அப்போது விதி ஏமாந்துபோகுமாம், இது வேறு யார் வீட்டுக் குழந்தையோ என்று. தபால்தலைப் பெட்டியைத் தொடக் கூடாது. வாங்கும் நாளில் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

எங்கள் மக்களிடம் இது புதிதில்லை. தகப்பனை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன், கண்டுகொண்டதில்லை. அதுதான் என் வெட்கம்.

அவர்கள் வீட்டுக்கு நான் போனால் அந்தப் பெண் என்னைப் பெரியப்பா என்பாள், பெற்றவனைச் சித்தப்பா என்பாள். அப்பா என்ற சொல் அந்த வீட்டில் ஹோ மிங்குக்கு மட்டும்தான். தபால்தலை வாங்கும் நாளில் தாய் முய் அவளைப் பையோடு பெரியம்மா வீட்டில் விட்டுவிடுவாள். ஆறு வயதில் ஒருதரம் என்னிடம் கேட்டாள்.

"பெரியப்பா, எங்க சித்தப்பாவோட அண்ணன் யாரு?"

"எதுக்கும்மா?"

"அவருதானே எங்கப்பா? செத்துட்டாரா?"

நான் முய்யைப் பார்த்தேன். முய் அடுப்பைப் பார்த்தாள்.

தொண்ணூற்று ஏழில் தபால்தலை விலை வானத்துக்கு ஏறியது. கடைகளுக்கு முன்னால் வரிசை தெருமுனை வரை. யுன் சிங்குக்குப் பதினாறு வயது, நர்ஸ் படிக்க ஆசை. வகுப்பில் இரண்டாவது. பெட்டியில் பாதியை விற்றிருந்தால் அவள் படிப்பு முடிந்திருக்கும், வீட்டுக்குக் குளிர்சாதனமும் வந்திருக்கும். நான் நேரில் போய்ச் சொன்னேன்.

"வித்துடுடா. இப்ப விக்கலேன்னா எப்ப?"

"இது மாட்டு வருஷம் தலைவரே. சோதிடர் மூச்சே விடக் கூடாதுன்னுட்டார்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்தது புலி. சொந்த வருஷத்துல எதையும் அசைக்கக் கூடாது."

"அதுக்கடுத்த வருஷம் விக்க என்னடா இருக்கும்?"

"அதுவும் இல்லாம, குரங்குக்காகப் பொட்டியத் தொறந்தா மொத்தமும் போயிடும்."

குரங்கு என்று சொன்னது மகளை. அவள் பக்கத்து அறையில் இருந்தாள். தடுப்புச் சுவர் பலகைதான்.

அந்த வருஷமே விலை கவிழ்ந்தது. யுன் சிங் தையல் ஆலைக்குப் போனாள். ஆலை எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போன பிறகு முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் வேலை. ஹோ மிங் படித்து வான்கூவர் போனான். போனவன் தாய் சாவுக்கு மூன்று நாள் வந்தான்.

காம் சுய்க்கு நுரையீரல் கெட்டது. சாயத்தொட்டி ஆவியைப் பதினேழு வருஷம் குடித்த நுரையீரல். இரண்டாயிரத்துப் பதினெட்டு இலையுதிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். முதியோர் இல்லத்தில் ஊரார் படுக்கையை மாற்றிவிட்டு, தினமும் மதியம் சூப் குடுவையோடு வந்து இவன் படுக்கையை மாற்றினாள் மகள்.

நான் பார்க்கப் போன ஒரு மதியம் அவனுடைய ஊர்ச் சொந்தக்காரன் பாக் வா வந்திருந்தான். குலக் கோயில் வம்சாவளியைப் புதுசாக அச்சிட்டிருந்தார்கள், அவன் பங்குப் பிரதியைக் கொண்டுவந்திருந்தான். காம் சுய்க்கு ஒரே சந்தோஷம். அச்சில் தன் பெயரை முதல் தடவை பார்க்கிறான். கண் தெரியாததால் என்னைப் படிக்கச் சொன்னான்.

படித்தேன். "சே காம் சுய். மாட்டு வருஷம், பன்னிரண்டாம் மாதம், பத்தாம் நாள்."

"மாடா? சரியாப் படிங்க."

"மாடுன்னுதான்டா போட்டிருக்கு."

"அச்சுக்காரன் தப்புப் பண்ணிட்டான்."

பாக் வா பழைய கையெழுத்துப் பிரதியின் படத்தைக் கைபேசியில் காட்டினான். அவன் பிறந்த அன்று தாத்தா எழுதியது. அதிலும் மாடு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் கணக்கில் மாட்டு வருஷத்தின் பன்னிரண்டாம் மாதம், ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஜனவரி. பத்தாம் நாள் என்றால் 1950 ஜனவரி 27. புலி வருஷம் பிறக்க இன்னும் மூன்று வாரம். அத்தை வருஷத்தை ஆங்கிலக் கணக்கிலும் மாதத்தை நம் கணக்கிலும் சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டாம் மாதம், பத்தாம் நாள். பதிவு எழுதியவர் அதை ஆங்கில மாதமாக்கி டிசம்பர் பத்து என்று போட்டுவிட்டார். வருஷம் சரி. நாள் தப்பு. எத்தனை நாள்? சட்டைப்பையிலிருந்த துண்டறிக்கையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 317.

அவனிடமும் சொன்னேன். காம் சுய் ஆக்ஸிஜன் குழாயைப் பிடுங்கிவிட்டு எழுந்து உட்காரப் பார்த்தான்.

"மாட்டுக்கும் குரங்குக்கும்?"

"ஒண்ணும் இல்லடா. ஒரு பகையும் இல்ல."

"மாட்டுக்கு எது பகை தலைவரே?"

அது அவனுக்கே தெரியும். பன்னிரண்டு மிருகச் சக்கரத்தில் மாட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பது ஆடு. இடுப்பில் தூக்கிக்கொண்டு போன ஆடு, ஹோ மிங்.

பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அறுபத்தெட்டு வருஷமா புலின்னு உறுமின மாடு!" என்று சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து யுன் சிங் வந்தாள். அவனே சொன்னான், திக்கித் திக்கி. அவள் குடுவையின் மூடியைத் திறந்தபடியே கேட்டாள். முடித்ததும் மூடியைத் திரும்பவும் இறுக்கி மூடினாள்.

"அப்ப என்னையப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புன அன்னைக்கெல்லாம், வீட்ல இருக்கக் கூடாத ஆளு அண்ணன்தானா?"

"யுன் சிங்..."

"சும்மா கேட்டேன் சித்தப்பா."

"அப்படி இனிமே கூப்பிடாத."

"எப்படி?"

"சித்தப்பான்னு. வேற மாதிரி கூப்பிடு."

எப்படி என்று சொல்ல அவனுக்கும் வாய் வரவில்லை. அவள் வாய் திறந்தாள். உதடு சேர்ந்தது, பிரிந்தது. சத்தம் இல்லை. "சூப் ஆறிடும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் அவனை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. "குடிங்க", "திரும்புங்க", "வலிக்குதா" அவ்வளவுதான். அவனோ ஒவ்வொரு மதியமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சாகக் கிடக்கிறவனுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரு வாரம் பார்த்தேன், பொறுக்கவில்லை. நடைபாதையில் அவளை நிறுத்தினேன்.

"ஒரு சொல்லும்மா. சொல்லிட்டுப் போயேன். என்ன கொறஞ்சுடும்?"

"பெரியப்பா, ஸ்டிரைக்குக்கு ஆள் சேக்கிற மாதிரிப் பேசாதீங்க."

"அவன் ஏங்குறான்டி."

"தெரியும். வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். யாரையோ ரோட்டுல போறவரக் கூப்பிடற மாதிரி இருக்கு. சித்தப்பான்னாதான் அவரு மொகம் வருது. காய்ச்சல்ல தூக்கிட்டு ஓடுனவரு, பட்டாசுக்குக் காதப் பொத்தினவரு எல்லாம் அந்தப் பேருலதான் இருக்காரு. அத எடுத்துட்டா எங்கிட்ட யாரு இருக்கா?"

இருபத்தாறு வருஷம் ஆள் சேர்த்தவன் நான். அவள் கையிலிருந்த சூப் குடுவையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

உள்ளே போனபோது காம் சுய் விழித்திருந்தான். கதவு திறந்துதான் இருந்தது, எவ்வளவு கேட்டானோ தெரியாது. அவள் தலையணையைச் சரிசெய்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சாயமெல்லாம் போய் வெளுத்த கை.

"பழையபடியே கூப்பிடு. எதுவும் கூப்பிடாம இருக்காத, பயமா இருக்கு."

அவள் குனிந்து போர்வையை இழுத்துவிட்டாள்.

"சித்தப்பா."

"ம்."

"சித்தப்பா, கைய விடுங்க. சூப் ஊத்தணும்."

மேலும் ஒன்பது நாள் இருந்தான். ஒன்பது நாளும் அப்படியே கூப்பிட்டாள், அவனும் ஒவ்வொரு தடவையும் "ம்" என்றான். பெட்டியைத் தொடலாம் என்று சாவியை அவளிடம் கொடுத்தான். கடைக்காரர் முழுப் பெட்டியையும் புரட்டிப் பார்த்துவிட்டு, இது இல்லாத வீடே இல்லையம்மா என்று திருப்பிக் கொடுத்தார். அவள் சாவியை ஹோ மிங்குக்குத் தபாலில் அனுப்பிவிட்டாள்.

முப்பத்தேழு வயதுவரை வாழ்ந்த வீட்டில், பெற்றவனின் முகத்தைப் பார்த்து அவள் அப்பா என்று அழைத்த தடவைகள்: பூஜ்யம்.