தூசி மெஷினின் பின்பக்கம்

வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் எனக்குச் சந்தோஷம் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிகிறாள். பாதி உண்மை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு சாமானைக் குப்பைக்குக் கொடுக்க என்னால் முடியாது. கிரைண்டரைக் கழற்றியிருக்கிறேன், ஃபேனைக் கழற்றியிருக்கிறேன், ரைஸ் குக்கரையும் கழற்றியிருக்கிறேன். ரைஸ் குக்கர்தான் திரும்பிச் சேரவில்லை.

தூசி மெஷினில் கைவைக்க மட்டும் அனுமதி கிடைக்காமல் இருந்தது. அந்த வெக்கியூம் கிளீனரை அவளுடைய மூத்த சகோதரர், எங்கள் பேச்சில் காக்கா, கட்டாரிலிருந்து அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். ஆகவே வீடு அவளுடையது, மெஷின் அவளுடைய காக்கா தந்தது, எனக்கென்று இருந்தது ஸ்க்ரூ ட்ரைவர்தான்.

அந்த மெஷின் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. மகளுக்கு முட்டு வருத்தம். வந்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிக் கேட்கும், மூச்சுக்குத் தவிப்பாள், பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. தூசி படக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மெத்தை, பாய், கார்பெட் ஒன்றும் மெஷினுக்குத் தப்பவில்லை. அப்படியிருந்தும் முட்டு வந்துகொண்டேயிருந்தது. அதுவும் அநேகமாக வெள்ளிக்கிழமை காலையில்.

ஏன் வெள்ளிக்கிழமை? எனக்கு இது பெரிய புதிர். பக்கத்து வீட்டு மச்சி கடற்காற்று என்றாள். கடற்காற்றுக்குக் கிழமை தெரியுமா என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐஸ்கிரீம்காரன் எங்கள் ஒழுங்கைக்கு வருவது வியாழக்கிழமை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. சில வாரம் ஐஸ்கிரீமை நிறுத்திப் பார்த்தேன். மகள் என்னோடு கோபித்ததுதான் மிச்சம்.

இந்த நிலையில் ஒரு நாள் மெஷின் இழுப்பதை நிறுத்தியது. ஊரைக் கூட்டுகிற மாதிரிச் சத்தம் போட்டது, ஒரு மணலைக்கூடத் தூக்கவில்லை. வேறு வழியில்லாமல் மனைவி அனுமதி தந்தாள்.

"இது ரைஸ் குக்கர் இல்ல," என்றாள். "திரும்பப் பூட்டத் தெரிஞ்சாக் கழட்டுங்க."

சனிக்கிழமை காலையில் உடுத்துப் பழசான சாரனைத் தரையில் விரித்து உட்கார்ந்தேன். பிளக்கைக் கழற்றிவிட்டு முதலில் உருளும் பிரஷ்ஷைப் பார்த்தேன். அவளுடைய தையல் நூல் எல்லா நிறத்திலும் இறுகச் சுற்றியிருந்தது. கத்தரிக்கோலால் நெடுக வெட்டி உரித்தேன். பிறகு குழாய்க்குள் மகள் உருட்டி விளையாடுகிற கண்ணாடி மாபிளைப் போட்டேன், மறுபக்கம் வரவில்லை. வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியை உள்ளே விட்டு மெதுவாகத் தள்ள, பேரீச்சங்கொட்டை, தொலைந்துபோன ஹேர் கிளிப், ஈரத்தில் கட்டிபட்ட கடல் மணல் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியில் மாபிளும் வந்தது. எங்கள் வீட்டு நடப்பெல்லாம் அந்தச் சாரனில் கிடக்கிற மாதிரி இருந்தது, எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

திரும்பப் பூட்டி சுவிட்சைப் போட்டேன். மனைவி முந்தானையைக் குழாயின் வாயருகே பிடித்துப் பார்த்தாள். "ஓம், இழுக்குது," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் விட்டிருக்கலாம். ஆனால் ஜன்னலால் வந்த வெயிலில், மெஷினின் பின்பக்கத்தில் ஏதோ புகை மாதிரிப் பறந்தது. மோட்டார் எரிகிறதோ என்று பார்த்தேன், சூடில்லை. தலையில் இருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, காற்று வெளியேறுகிற துவாரத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் தொப்பியில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்தது. முகர்ந்தேன். சாம்பிராணி மணத்தது.

திரும்பவும் கழற்றி ஃபில்டரைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் கிழிந்திருந்தது. மடிப்பெல்லாம் மாவைவிட மெல்லிசான சாம்பல்.

பொழுது சாய்ந்தால் எங்களுக்கு அடுத்த நாள் தொடங்கிவிடும், ஆகவே வியாழக்கிழமை பின்னேரம் எங்களுக்கு வெள்ளி இரவு. அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஒழுங்கை முழுக்கச் சாம்பிராணி வாசம் வரும், எங்கள் வீட்டிலும் போடுவாள். நான் இரவு இஷாத் தொழுகை முடியும்வரை பள்ளியில் இருப்பேன். அந்த இடைவெளியில் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. இப்போது அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். புகை போடும் நேரம் மகளைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவாளாம். ஜன்னல்களைத் திறந்து, புகை முழுக்கப் போன பிறகுதான் பிள்ளையைக் கூப்பிடுவாளாம். அதற்கு முதல், சிரட்டைக் கரியிலிருந்து அறைக்கு அறை சிந்திய சாம்பலை மெஷினால் இழுத்துவிடுவாளாம். நான் தொப்பியை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள், முகர்ந்தாள். முன்னால் இழுத்த சாம்பலை மெஷின் பின்னால் ஊதிக்கொண்டிருந்தது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒரு தூளும் இருக்கப்படாதெண்டு ரெண்டு தரம் இழுத்தனே," என்றாள். "புள்ளைட கட்டிலுக்குக் கிட்ட வெச்சு."

அவள் அப்படியே சாரனில் உட்கார்ந்துவிட்டாள். பிழை ஃபில்டரில்தான் என்றேன், அதுவும் உண்மைதான், ஆனால் அவள் காதில் ஏறவில்லை. ஒரு சாமானின் பழுதைக் கண்டுபிடித்துவிட்டு நான் சந்தோஷப்படாதது அன்றுதான். என் கெட்டித்தனத்தின்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

அந்த மெஷினுக்குப் பொருந்துகிற ஃபில்டர் பசாரில் கிடைக்கவில்லை. காக்காவுக்குச் சொல்லிவிட்டு மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளினோம். அடுத்த வியாழன் அவள் சாம்பிராணிச் சட்டியை வீட்டுக்குள் எடுக்கவில்லை, வெளியே கேட்டடியில் வைத்தாள். அறைகளை ஈரத்துணியால் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்தேன். மகள் குப்புறப் படுத்திருந்தாள். மனைவி பக்கத்தில் சாய்ந்து, அவளுடைய முதுகில் காதை வைத்திருந்தாள்.

"ஃபேன நிப்பாட்டுங்க," என்றாள். "கேக்கணும்."

நிப்பாட்டினேன். நானும் குனிந்து கேட்டேன். பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மட்டும் நம்பவில்லை, காதை எடுக்கவும் இல்லை. உம்மாவின் தலை பாரமாக இருக்கிறது என்று மகள் எழும்பித் தள்ளிவிடும்வரை அப்படியே கிடந்தாள்.