மீன்கார அக்கா போனில் வந்த கல்யாணப் பத்திரிகை

"…யாரு வூட்டுக் கல்யாணம்னே தெரியல தம்பி. தெரிஞ்சவங்கதான அனுப்பிருக்காங்கன்னு தொட்டேன். பத்திரிகையக் காணோம், போன்தான் கொதிக்குது!"

போன ஆவணியில் ஒருநாள், முதலியார்பேட்டையில் என் தையல் கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு இப்படிச் சொன்னார், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா. முன்பெல்லாம் அவர் குரல் தெருமுனையில் கேட்டாலே பூனைகள் எழுந்துவிடும். வாட்ஸ்அப் வந்த பிறகு கூவுவதையே விட்டுவிட்டார். கரைக்கு என்ன மீன் வந்தது என்று காலையில் பேசி அனுப்புவார். வேண்டியவர்கள் பதில் போடுவார்கள்.

போனை வாங்கிப் பார்த்தேன். பத்திரிகை என்றால் போட்டோவாக வரும். இதுவோ 'இன்ஸ்டால் செய்யவா' என்று கேட்டிருக்கிறது. அக்காவும் 'சரி, சரி' என்று தொட்டுக்கொண்டே போய், பேங்க் ஓடிபி வருகிற மெசேஜ்களைப் படிக்கிற உரிமை வரைக்கும் கொடுத்துவிட்டார். என் மச்சான் இதே மாதிரி மாட்டிக்கொண்டு அலைந்தது எனக்குத் தெரியும். சட்டென்று நெட்டை அணைத்தேன், சிம்மைக் கழற்றி அக்கா போனையே ஆஃப் செய்தேன். பேங்க்கைக் கூப்பிட்டு அக்காவின் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லலாம் என்று என் போனை எடுத்தால், அதிலும் அதே பத்திரிகை! அனுப்பியவர் பெயர்: மீன்கார அக்கா.

பேங்க்கில் பேசியாயிற்று, கணக்கு தப்பியது. ஆனால் அக்காவின் முகம் தெளியவில்லை.

"அப்போ எல்லா வாடிக்கைக்கும் போயிருக்குமே! நான் அனுப்புனேன்னா யோசிக்காமத் தொறப்பாங்களே தம்பி. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு அந்த வாசல்ல நிப்பேன்?"

"என் போன்லேர்ந்து எல்லாருக்கும் சொல்லிடலாம்க்கா."

"நம்பரெல்லாம் அந்தப் போனுக்குள்ளதான கெடக்கு, அத இப்பத் தொறக்க முடியாதே? எனக்கு வூடுதான் தெரியும்."

அன்றிலிருந்து, எவ்வளவு நெருங்கியவர் பெயரில் எது வந்தாலும், தொடுவதற்கு முன் அவரையே கூப்பிட்டு "நீங்க அனுப்புனதா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நம் பெயரை நம்பி ஒருவர் கதவைத் திறக்கிறார் என்றால், அந்தப் பெயரைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். அன்று, ஐஸ் உருகிக்கொண்டிருந்த மீன் கூடையை என் கடை வாசலிலேயே விட்டுவிட்டு, அக்கா உச்சி வெயிலில் தெருவில் இறங்கினார். "கல்யாணப் பத்திரிகையத் தொறக்காதீங்கம்மா… நான் அனுப்பலம்மா…" என்று, மீன் விற்ற அதே பழைய ராகத்தில், வீடு வீடாகக் கூவிக்கொண்டே போனார்.