கூழைக்கடாவுக்கு அறுத்த மீன்

"பொண்ணு என்ன வேலை பார்க்கிறாள்?" என்று பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால், அம்மா "ஆராய்ச்சி" என்று சொல்லிச் சமாளிப்பார். நான் விடமாட்டேன். "பறவைகளைக் குளிப்பாட்டுகிறேன்" என்பேன். பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. எனக்கு அதில் துளிகூட வருத்தமில்லை.

எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்திருந்த சமயம். எர்ணாவூரில் ஒரு தகரக் கொட்டகையில் பறவைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். உடம்பெல்லாம் தார் பூசின மாதிரி ஒரு கூழைக்கடா, அதாவது பெலிகன், வந்து சேர்ந்தது. பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் இறகு இறகாகத் தேய்த்தேன். என் முழங்கையைக் கவ்வியது. திட்டினேன். மறுபடியும் கவ்வியது.

எண்ணெய் போய்விட்டது. ஆனால் சாப்பிட மறுத்தது. குழாய் வழியாக நாங்கள் செலுத்திய மருந்து நீரில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. தானாக மீன் தின்னாவிட்டால் பிழைக்காது. முன்பு வந்தவற்றைப் புதைத்த அலுப்பே எனக்கு இன்னும் தீரவில்லை. இதையும் புதைக்கத் தெம்பில்லை.

கொட்டகை வாசலில் காசிமேட்டு மீனைக் கொண்டுவந்து விற்கும் அக்கா ஒருத்தர் இருந்தார். கூழைக்கடா வந்த நாளிலிருந்தே அதற்கு மீன் போடும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார். நான் நாரைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. ஒருநாள் மாலையில் பார்த்தால், தொட்டியில் மீன் போட்டது போட்டபடி கிடந்தது. கையை விட்டு எடுத்தேன். தலை இல்லை, செதில் இல்லை, குடல் இல்லை. துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு அலசியிருந்தார்!

நானும் திருவொற்றியூர்க்காரிதான். வாய் சும்மா இருக்குமா?

"இன்னாக்கா, அதுக்குக் கொழம்பா வெக்கப் போற?"

"இன்னாத்துக்கு கூவுற? சீக்கு வந்த உசுரு. முள்ளு தொண்டையில மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "அது முழுசாத்தான்க்கா முழுங்கும்" என்றேன். அக்கா நம்பாமலே கூடையிலிருந்து ஒரு மடவை மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார். கழுத்து நீண்டது, அலகு திறந்தது, மீனைக் காணோம். அக்கா தன் விரல்களைச் சரிபார்த்துக்கொண்டார்.

"அடப்பாவி, இம்மாம் பசிய வெச்சுக்கினா குந்திகினு கீற?" என்று அதன் முகத்துக்கு நேராகக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

இறகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடத் தொடங்கிய பிறகு, எண்ணெய் எட்டாத வடக்குப் பக்கத்து நீரில் அதை விடக் கிளம்பினோம். எதற்கும் இருக்கட்டும் என்று அக்காவும் கூடையோடு வந்தார். கூழைக்கடா மிதந்தது. கொஞ்சம் தள்ளிப் போய்த் தலையை நீருக்குள் விட்டு நிமிர்ந்தது. தொண்டைப் பையில் ஏதோ துள்ளி, உள்ளே இறங்கியது.

"அதுவே புடிச்சுத் துன்னுதும்மா!" என்று கத்திய அக்கா, கூடையை மணலில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு மீனைக்கூட அவர் அறுத்திருக்கவில்லை.